மறுகா பாப்பம்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு சமூக ஊடகப் பாதுகாப்பு வழிகாட்டி

களுவாஞ்சிக்குடியில் சின்னதாய் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், போன் திருத்தம், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவ்வளவும்தான் தொழில். சில வருடங்களாக இன்னொரு வேலையும் கேட்காமலே வந்து சேர்ந்திருக்கிறது. போனில் ஏமாந்தவர்கள் முதலில் வந்து நிற்பது பொலிசில் இல்லை, என் கண்ணாடி மேசைக்கு முன்னால்தான்.

போன மாரிக்கு முதல் பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தா. கையில் போன், கண் கலங்கிக் கிடந்தது.

"மனெ, என்ட வட்ஸ்அப்ப ஆரோ புடிச்சிட்டானாம். என்ட பேரச் சொல்லி எல்லாரிட்டயும் காசு கேக்கானாம்."

நடந்தது இதுதான். கத்தாரில் இருக்கும் தங்கச்சி மகனின் நம்பரிலிருந்து, "பெரியம்மா, ஒரு கோட் மாறி உங்களுக்கு வந்திட்டு, டக்கெண்டு அனுப்புங்க" என்று ஒரு செய்தி. அம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறா. கையைப் புடவையில் துடைத்துவிட்டு, குறுஞ்செய்தியில் வந்த 6 இலக்கத்தையும் அப்படியே அனுப்பிவிட்டா. கொஞ்ச நேரத்தில் வட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டது. பின்னேரத்துக்குள் அவவின் சொந்தக்காரர் இரண்டு பேர் ஆளுக்கு 25,000 ரூபாய் போட்டுவிட்டார்கள். தங்கச்சி மகனின் கணக்கும் முதல்நாள் இதே மாதிரித்தான் பறிபோயிருந்தது. எழுதியது அவனே இல்லை.

"ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே அம்மா?"

"மறுகா கேப்பமெண்டுதான் இருந்தன். அவன் அவசரம் எண்டானே!"

மறுகா என்றால் பிறகு. வெளியூர்க்காரர் கேட்டால் சிரிக்கும் நம் மட்டக்களப்புச் சொல். இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த ஒரு சொல்லை வைத்தே எழுதுகிறேன். கள்ளனுக்கு வேண்டியது நம் பாஸ்வேர்ட் என்று நினைக்கிறோம். அவனுக்கு அதைவிட முக்கியமாக வேண்டியது நம் அவசரம். வதந்தி பரப்புகிறவனுக்கும், படத்தைக் காட்டி மிரட்டுகிறவனுக்கும் அதேதான் வேண்டும்.

படி 1: கணக்கின் சாவி உங்களிடம்தான் இருக்கிறதா?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2012, 2013 வாக்கில் இந்தப் பக்கத்தில் கொமினிகேசன் கடைகள் நூறு ரூபாய்க்கு பேஸ்புக் கணக்குத் திறந்து கொடுத்தன. நானும் கொடுத்தேன். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குக் கடை மின்னஞ்சலையே போட்டோம். பாஸ்வேர்ட் அவரவர் போன் நம்பர்தான். அந்தக் கணக்குகளில் பல இன்றைக்கும் அப்படியே ஓடுகின்றன. உங்களுடையதும் அப்படித் திறந்ததாக இருந்தால் இன்று இரவே மாற்றுங்கள்.

பேஸ்புக்கில் செட்டிங்ஸுக்குள் எக்கவுண்ட் சென்டர் இருக்கிறது. அதில் உங்கள் பெயரில் பதிந்திருக்கும் நம்பரையும் மின்னஞ்சலையும் பாருங்கள். கைவிட்ட சிம்மின் நம்பர் கிடந்தால் உடனே நீக்குங்கள். பாவிக்காமல் விட்ட நம்பரை நிறுவனம் இன்னொருவருக்கு விற்கும். அவர் கையில் உங்கள் கணக்குக்குக் கதவு திறக்கும். பிறகு "வெயார் யூ ஆர் லொக்ட் இன்" என்ற இடத்துக்குப் போனால், எந்தெந்தப் போனில் உங்கள் கணக்குத் திறந்து கிடக்கிறது என்று தெரியும். பழைய போன், மச்சானுக்குக் கொடுத்த டெப், திருத்தக் கொடுத்த இடம், எல்லாவற்றையும் அங்கிருந்தே வெளியேற்றலாம்.

பாஸ்வேர்டுக்கு அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடம், இவை வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் இருக்கும், மறக்கவும் மாட்டாது. தயிர்ச்சட்டி, கச்சான், வள்ளம், ஓலைப்பாய் என்பது போல. இதையே போட வேண்டாம், இதை எல்லாரும் வாசிக்கிறார்கள். மின்னஞ்சலுக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று வேறுவேறாய் வையுங்கள். கொப்பியில் எழுதி அலுமாரியில் வைப்பதில் ஒரு பிழையும் இல்லை. மட்டக்களப்புக்கு வந்து உங்கள் அலுமாரியை உடைக்க வெளிநாட்டுக் கள்ளனால் முடியாது.

அடுத்தது இரட்டைப் பூட்டு. வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய், நீங்களே ஒரு 6 இலக்கப் பின் நம்பரைப் போடுங்கள். அது கேட்கும் இடத்தில் மின்னஞ்சலையும் கொடுங்கள், பின் மறந்தால் அதுதான் கைகொடுக்கும். இந்தப் பூட்டு இருந்திருந்தால் அந்த அம்மா கோட் அனுப்பிய பிறகும் கள்ளன் வாசலில்தான் நின்றிருப்பான். பேஸ்புக், இன்ஸ்டகிராம், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் டூ ஃபெக்டர் என்ற பெயரில் இதே வசதி உண்டு.

வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்தையும் கிழமைக்கு ஒருதரம் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கணினி எதுவும் அதில் இருந்தால், உங்கள் பேச்சை யாரோ பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கள்ளக் காதல் சந்தேகத்தில் கணவன் மனைவியின் போனில் செய்து வைத்த வேலையாகத்தான் இது என் கடைக்கு அதிகம் வந்திருக்கிறது. அதுவும் களவுதான்.

படி 2: வட்ஸ்அப் பறிபோய்விட்டதா?

நேரம் முக்கியம். ஆனால் பதறினால் வேலை கெடும். வரிசையாகச் செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுப் போனிலிருந்தாவது வீட்டாருக்கும் குடும்பக் குழுவுக்கும் குரல் கோலில் சொல்லுங்கள்: "என் வட்ஸ்அப் களவு போயிட்டு, காசு கேட்டால் போட வேண்டாம்." எழுத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கள்ளனும் அப்படித்தான் எழுதுகிறான்.

அடுத்து, உங்கள் சிம் இருக்கும் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரையே மறுபடி பதியுங்கள். குறுஞ்செய்தியில் புதிய 6 இலக்கம் வரும். அதை நீங்கள் போட்ட அந்த நொடியே கள்ளன் வெளியே போய்விடுவான். அவன் இதற்குள் தன் பின் நம்பரைப் போட்டு வைத்திருந்தால் உங்களிடம் அதையும் கேட்கும், தெரியாதுதானே. அப்படியானால் 7 நாள் காத்திருக்க வேண்டும். கணக்கு உடனே திரும்பவில்லை என்று அழ வேண்டாம். குறுஞ்செய்திக் கோடைப் போட்டதோடு அவனும் வெளியே, அந்த 7 நாளும் அவனால் உங்கள் பெயரில் ஒன்றும் எழுத முடியாது.

கோட் கேட்டு மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தால் வட்ஸ்அப் சில மணித்தியாலம் பூட்டிவிடும். ஒருதரம் கேளுங்கள், பொறுங்கள். அதற்குள் ##002# என்று டயல் செய்து, உங்கள் கோல்கள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் அதை ரத்துச் செய்துவிடுங்கள். கோட் குரல் அழைப்பாகவும் வரும் என்பதால் சில கள்ளன்கள் அந்த வழியையும் பாவிப்பார்கள்.

உங்கள் பழைய பேச்சுகளைக் கள்ளன் வாசித்திருப்பானா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவை உங்கள் போனில்தான் இருக்கின்றன, அவன் போனுக்குத் தானாகப் போகாது. ஆனால் அவன் உள்ளே இருந்த நேரத்தில் குழுக்களுக்கு வந்த புதிய செய்திகளைப் பார்த்திருப்பான். எந்தெந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்திருப்பான். அந்த ஆட்களுக்குத்தான் நாளைக்கு அடுத்த செய்தி போகும்.

படி 3: அடையாள அட்டையைப் படமெடுத்துப் போடாதீர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய அடையாள அட்டையின் முதல் 2 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 90532 என்று தொடங்கினால் 1990 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண். புதிய 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாகவே நிற்கும். ஆகவே அந்த நம்பர் யார் கையில் போனாலும் உங்கள் பிறந்த நாள் அவர் கையில்.

தொலைந்த அட்டை கிடைத்தது என்று பேஸ்புக்கில் போடுகிறவர்கள் நல்ல மனதோடுதான் போடுகிறார்கள். பெயரை மட்டும் போட்டு, இலக்கத்தையும் விலாசத்தையும் மறைத்துவிடுங்கள். உரியவர் இலக்கத்தைச் சொல்லட்டும், சரியாக இருந்தால் கொடுங்கள். பரீட்சை அனுமதி அட்டை, கடவுச்சீட்டு, விமானச் சீட்டு எல்லாவற்றுக்கும் இதுதான் முறை.

படி 4: அனுப்புவதற்கு முதல்

இந்தப் பகுதி நீளும். காசு போனால் உழைக்கலாம். இதில் பிழை விட்டால் ஊரே எரியும். எரிந்தும் இருக்கிறது.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட்டவர் ஒருவர் உணவில் ஏதோ கட்டியைக் கண்டார். அது சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் 'வந்த பெத்தி', மலட்டு மாத்திரை என்று கதை கிளம்பியது. சிங்களம் சரியாக விளங்காத காசாளரைச் சுற்றி நின்று கேட்டார்கள். பயத்தில், என்ன கேட்கிறார்கள் என்பதே தெளிவில்லாமல் அவர் சொன்னது வீடியோவாகப் பேஸ்புக்கில் ஏறியது. அந்த இரவே கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வு என்ன சொன்னது? அது மாவுப் பொருள். மருந்து எதுவும் இல்லை. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

மாவு உருண்டை. அவ்வளவுதான். அறிக்கை வருவதற்குள் வன்முறை கண்டி, திகன வரைக்கும் போய்விட்டது. மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. தங்கள் தளம் இப்படிப் பாவிக்கப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அது எந்த மூலைக்கு?

அந்த வீடியோவை அன்றைக்குப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் கல்லெறிந்திருப்பார்கள்? மிகக் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள், "இதப் பாருங்க, உண்மையா தெரியா" என்று எழுதி அழுத்தியவர்கள். "உண்மையா தெரியா" என்று எழுதத் தெரிந்தவருக்கு, தெரிந்த பிறகு அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊரில் வாழும் இந்தக் கரையில் எல்லாப் பக்கத்திலும் இந்தக் குறை உண்டு. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு வந்த கிழமைகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை குரல் பதிவு, எத்தனை படம்! பொலிசார் தேடப்படுவோர் என்று வெளியிட்ட படங்களிலேயே, சம்பவத்தோடு ஒரு தொடர்பும் இல்லாத ஒரு அமெரிக்கப் பெண்ணின் படம் தவறாகச் சேர்ந்துவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். பொலிசுக்கே அப்படியென்றால் நம் குடும்பக் குழுவுக்கு?

ஆகவே செய்தி வந்ததும் இவற்றைப் பாருங்கள்.

மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? அது பல கை மாறி வந்த செய்தி. அதனால்தான் வட்ஸ்அப் அதை ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப விடுகிறது.

திகதி இருக்கிறதா? குரல் பதிவில் "இன்றைக்கு இரவு" என்று சொல்வார்கள். எந்த இன்றைக்கு? சுனாமிக் குரல் பதிவுகள் இதில் பேர்போனவை. 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனைச் சனத்துக்கு "கடல் உள்வாங்குது" என்ற ஒரு சொல் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடும். 2012 ஏப்ரல் 11 இல் உண்மையாகவே எச்சரிக்கை வந்தது. அது அரசாங்கத்திடமிருந்து வந்தது. சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அடியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்: கடற்கரையில் நிற்கும்போது நிலம் பலமாக நீண்ட நேரம் ஆடினாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்ணால் கண்டாலோ 117 க்கும் காத்திருக்க வேண்டாம், ஓடுங்கள். இந்த வழிகாட்டியில் மறுகா செல்லாத ஒரே இடம் அதுதான்.

படம் இந்த இடத்தில் எடுத்ததுதானா? படத்தைச் சேமித்து கூகிள் லென்ஸில் போட்டால், வெள்ளத்தில் முதலை என்று வந்த படம் வேறு நாட்டில் பல வருடத்துக்கு முன் எடுத்தது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபெக்ட் கிரசெண்டோவின் இலங்கைத் தமிழ்ப் பக்கத்திலும் இப்படியான செய்திகளைச் சோதித்துப் போடுகிறார்கள்.

உதவி கேட்கும் செய்திகளும் இதில் அடக்கம். "மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அவசரமாக இரத்தம் தேவை" என்று போன் நம்பரோடு வருகிற செய்தியை நாம் புண்ணியம் என்று அனுப்புகிறோம். முதலில் அந்த நம்பருக்கு ஒரு கோல் எடுங்கள். நான் எடுத்த ஒன்றில், மறுமுனையில் பேசியவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "தம்பி, அவர் மோசம் போய் ரெண்டு வருசம்" என்றார். ஆள் இறந்தே இரண்டு வருடம். அன்றிலிருந்து திகதியில்லாத இரத்தச் செய்தியை நான் தொடுவதில்லை.

விபத்துப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் விழுந்து ஐந்து நிமிடத்தில் படம் பேஸ்புக்கில் ஏறிவிடுகிறது. சவுதியில் வேலைக்கு நிற்கும் தாய் அதைப் பார்க்கிறா. சேர்ட்டை வைத்துப் பிள்ளையை அடையாளம் காண்கிறா. எங்கள் உறவிலேயே அது நடந்தது, இதற்கு மேல் எழுத மனமில்லை. போனை எடுப்பதென்றால் 1990 க்கு அம்பியூலன்ஸ் கூப்பிட எடுங்கள்.

படி 5: காசு கேட்கும் எதற்கும்

ஏமாற்றின் உடுப்பு மாதா மாதம் மாறும், உடம்பு ஒன்றுதான். "உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, சின்னக் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒரு லிங்க் வரும். அதில் கார்ட் நம்பரையும், வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருதரப் பாவனை இலக்கமான ஓடிபியையும் போட்டால் முடிந்தது கதை. ஓடிபி என்பது உங்கள் ஒப்பம். வங்கிக்காரர் என்று சொல்பவரும் உங்களிடம் ஒப்பத்தைக் கோலில் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டார்.

வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பொடியனும் பிள்ளையும் அகப்படுவது டெலிகிராம் வேலைகளில். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு. முதல் நாள் உண்மையாகவே 600 ரூபாய் வரும். அடுத்த நாள் 2,000 போட்டால் 2,600 திரும்பும். அதற்குப் பிறகு 50,000 கேட்பார்கள், போட்டதும் குழுவே காணாமல் போகும். ஆள் சேர்த்தால் பங்கு என்று வந்தால் அது பிரமிட். இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடை செய்கிறது. சேர்ந்தவர் இன்னொருவரைச் சேர்த்தால் அவரும் குற்றவாளிதான். உங்கள் ஊர் ஆசிரியர் சேர்ந்திருக்கிறார், மௌலவி சேர்ந்திருக்கிறார், பாஸ்டர் சேர்ந்திருக்கிறார் என்பது சாட்சி ஆகாது. மத்திய வங்கியின் 1935 க்கு அடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை விளம்பரம் டிக்டொக்கில் வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 க்கு அடித்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மார் மோசடி முகாம்களில் அடைபட்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கப்பட்டார்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கு 'ஹாய்' சொல்கிற அழகான படத்துக்குப் பின்னால் அப்படி ஒருவர் இருக்கவும் கூடும்.

விற்கிற பக்கமும் ஏமாறுகிறது. மருதமுனையில் கைத்தறிச் சாரி வாங்கி பேஸ்புக்கில் விற்கும் ஒரு தங்கச்சி, காசு போட்ட சிட்டையின் படத்தை நம்பி மூன்று சாரியை அனுப்பிவிட்டா. சிட்டை போனில் திருத்திய படம். சிட்டையைப் பார்க்காதீர்கள், கணக்கில் மீதியைப் பாருங்கள். காசு ஏறாத வரைக்கும் சாமான் கடையை விட்டு இறங்கக் கூடாது.

படி 6: படத்தைக் காட்டி மிரட்டினால்

என் கடைக்கு இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் மற்ற வாடிக்கையாளர் போகும்வரை ரீலோட் கார்ட் பார்ப்பதுபோல் நிற்பார்கள். பெண்கள் மட்டுமில்லை, பொடியன்களும் வருகிறார்கள். வீடியோ கோலில் ஒரு பெண் பேசியிருப்பாள், அதைப் பதிந்துவிட்டுக் காசு கேட்பார்கள். சிலருக்குச் சாதாரணப் படத்தையே செயற்கை நுண்ணறிவால் நிர்வாணப் படமாக்கி அனுப்புகிறார்கள்.

முதல் வேலை, காசு கொடுக்காதீர்கள். ஒருதரம் கொடுத்தவரிடம்தான் இரண்டாம்தரம் கேட்பார்கள்.

இரண்டாவது, அழிக்காதீர்கள். வெட்கத்தில் எல்லாரும் முதலில் செய்வது பேச்சை அழிப்பதுதான். அது உங்கள் சாட்சி. நம்பர், கணக்கின் பெயர், அதன் லிங்க், திகதி, நேரம், காசு கேட்ட வங்கிக் கணக்கு, எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அதன் பிறகு பிளொக் செய்யுங்கள், அந்தத் தளத்திலும் ரிப்போர்ட் செய்யுங்கள்.

மூன்றாவது, படம் பரவாமல் தடுப்பது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன் என்பது. இரண்டும் இலவசம். பலருக்குப் பயம், இந்தப் படத்தையே அங்கேயும் ஏற்ற வேண்டுமா என்று. ஏற்றத் தேவையில்லை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போல ஒரு குறியீடு உருவாகும். அந்தக் குறியீடுதான் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் தளம் பிடித்துவிடும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதால் தடுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, தனியே இருக்காதீர்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, மனம் உடைந்துபோனால் 1926. ஹிதவதி என்ற அமைப்பும் இணையத்தில் தொந்தரவுக்கு ஆளாகும் பெண்களுக்குத் தமிழிலும் வழிகாட்டுகிறது. பெற்றாருக்கு ஒரு சொல்: பிள்ளை வந்து சொன்னால், "ஆரு உனக்குப் படம் எடுக்கச் சொன்னது?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் மூன்று மாதம் காசு கட்டிவிட்டு வருகிறார்கள்.

படி 7: வீட்டில் உள்ள சின்னக் கைகள்

பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் குறைந்த வயது 13. பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்த வருடத்தைக் கூட்டிப் போட்டு நாமே கணக்குத் திறந்து கொடுக்கிறோம். அப்போது தளம் அவளைப் பெரிய ஆள் என்று நினைத்துப் பெரிய ஆளுக்குரியதைக் காட்டும். பதின்ம வயதுக்காரருக்கென்று வைத்த பாதுகாப்புகளும் அவளுக்குக் கிடைக்காது. கொரோனா காலத்தில் ரியூசனுக்காகக் கைக்கு வந்த போன் பிறகு திரும்பவே இல்லை, எனக்கும் தெரியும். டிக்டொக்கில் ஃபெமிலி பெயரிங் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் போனிலிருந்தே பிள்ளையின் கணக்குக்கு நேர எல்லை போடலாம். போன் இரவில் உங்கள் தலைமாட்டில் சார்ஜ் ஏறட்டும்.

பாடசாலைச் சீருடையில் பெயர்ப் பட்டியோடு பிள்ளையின் படத்தைப் போட்டு, "இன்றைக்கு முதலாம் இடம்" என்று எழுதுவது நமக்குப் பெருமை. தெரியாதவனுக்கு அது பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு.

படி 8: சட்டமும் முறைப்பாடும்

2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றி அடுத்தவரின் கணக்குக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளையும் இணையத் துன்புறுத்தலையும் தொடுகிறது. பேச்சுச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று அதற்குப் பலத்த எதிர்ப்பும் உண்டு. நம் பக்கத்தில் அதிகம் பயப்பட வேண்டியது இன மதப் பகையைத் தூண்டுவதற்கு எதிரான ஐசிசிபிஆர் சட்டம், 2007 இன் 56 ஆம் இலக்கம். 10 வருடம் வரை சிறை. பிணை கேட்டு மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்களும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்தச் சட்டங்கள் பாவிக்கப்படும் விதம் நியாயமா என்பது வேறு கதை, எனக்கு அதில் கசப்பான கருத்து உண்டு. கோபத்தில் இரவு 11 மணிக்கு எழுதியதை விடிய வாசித்துவிட்டுப் போடுங்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முறைப்பாடு செய்வது எப்படி? கணக்குப் பறிபோதல், போலிக் கணக்கு போன்றவைக்கு இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணியின் 101. காசு போனால் முதலில் உங்கள் வங்கிக்குக் கோல் எடுத்துக் கார்டையும் கணக்கையும் நிறுத்துங்கள், பிறகுதான் பொலிஸ். பெண்களும் சிறுவர்களும் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேட்டுப் போகலாம். போகும்போது ஸ்கிரீன்ஷொட்களைக் கடதாசியில் அச்சடித்து இரண்டு பிரதி கொண்டுபோங்கள், போனையும் கொண்டுபோங்கள். நடந்ததைத் திகதி வாரியாக ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பமிடச் சொன்னால், வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். அந்தப் பாலத்தடி அம்மாவோடு நானும் போயிருந்தேன். எழுதிக் கொடுத்ததில் 25,000 ஒன்றுதான் பதிந்திருந்தது, போனது இரண்டு. வாசித்துக் காட்டச் சொன்னபடியால்தான் பிடிபட்டது. முகம் சுளிக்காமல் திருத்தித் தந்தார்கள். வெளியே வந்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிய துண்டை அம்மா போன் கவருக்குப் பின்னால் செருகினா. அங்கே ஏற்கனவே ஒரு கடதாசி மடித்துக் கிடந்தது. "என்ன அம்மா அது?" என்றேன்.

"நீ போட்டுத் தந்த பின் நம்பர் மனெ. மறந்திருவன் எண்டு எழுதி வச்சிருக்கன்."

கடைக்குத் திரும்பி வந்ததும் அதைக் கிழித்துப் போட்டு, வீட்டு அலுமாரிக் கொப்பியில் எழுதச் சொல்லி அனுப்பினேன்.